குருவியோடு வந்த சிறுவர்

பறவை நோக்குதல், அஞ்சல்தலை சேர்த்தல், சதுரங்கம் ஆடுதல் முதலிய பொழுதுபோக்குகளில் ஈடுபடுவோர் மன்றங்களாகக் கூடுவது வழக்கம். அத்தகைய மன்றம் நிலைத்து நிற்பதற்குப் பழைய உறுப்பினரின் அறிவு மட்டும் போதாது. புதிதாக வருபவரை அவர்கள் நடத்தும் முறையும் இன்றியமையாதது.

1883ஆம் ஆண்டில் இயற்கை ஆர்வலர் எண்மர் கூடிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தோற்றுவித்தனர். 1908ஆம் ஆண்டில் சலீம் அலி என்னும் சிறுவர் தம் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அது சிட்டுக்குருவி போலவே இருந்தது. ஆனால் அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று காணப்பட்டது. அது எவ்வகைக் குருவி என்பதை அவருடைய மாமாவாலும் கூற இயலவில்லை. எனவே, அவர் சிறுவரைக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார்.

தயக்கத்துடன் வந்த சிறுவருக்குப் பறவையின் பெயரை மட்டும் கூறி மில்லார்டு அனுப்பியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அது மஞ்சள் தொண்டைக் குருவி என விளக்கினார். கழகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த பறவைகளை எடுத்துக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். பறவை உடல்களைப் பதப்படுத்தும் முறையைச் சிறுவர் கற்கவும் வழிசெய்தார்.

அச்சிறுவரே பின்னாளில் இந்தியாவின் புகழ்பெற்ற பறவையியல் அறிஞரானார். 1941இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பலரைப் பறவை ஆர்வலர் ஆக்கியது. தம் தன்வரலாற்று நூலுக்கும் அவர் குருவியின் பெயரையே சூட்டினார்.

மில்லார்டு செய்தவை மூன்று. புதியவரின் வினாவை மதித்தார். மன்றத்தின் செல்வத்தைத் திறந்து காட்டினார். அவருக்கு ஒரு பணியும் அளித்தார்.

இம்மூன்றும் இன்றும் பொருந்தும். ஹடப்சரிலிருந்து சோலாப்பூர் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால், முளா-முட்டா ஆற்றங்கரையில் கவடி என்னும் இடம் உள்ளது. குளிர்காலத்தில் அங்கே செம்பழுப்பு நிறச் சக்கரவாக வாத்துகள் வலசை வரும். அவற்றைக் காணப் புணேயின் பறவை ஆர்வலர்கள் கூடுவர். அங்கு முதன்முறை வந்த ஒருவர், "அது என்ன பறவை?" என வினவுவதாகக் கொள்வோம். "இதுகூடத் தெரியாதா?" என்னும் விடை அவரை மீண்டும் வரவிடாது. தொலைநோக்கியை அவர் கையில் கொடுத்து, "முதலில் அதன் நிறத்தைப் பாருங்கள்" என்பவர் ஒரு தோழரைப் பெறுவார்.

தமிழ்நாட்டில் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதற்குச் சான்று. மொட்டைமாடியில் நின்றபடி 15 நிமிடம் பறவைகளை எண்ணிப் பதிவுசெய்தாலே போதும். காகத்தையும் மைனாவையும் மட்டுமே அறிந்தவரும் முதல் நாளிலேயே பங்கு பெறலாம்.

ஊர் பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளாகிய நாம் புதியவரின் தயக்கத்தை நன்கு அறிவோம். நம் வீட்டில் 'சிட்டுக்குருவி' எனப்படுவதே இங்கே 'சிமணி' எனப்படுகிறது. அப்பெயரை நகையாடாமல் நமக்குச் சொல்லித் தந்த தோழர் எவரேனும் இருந்திருப்பார். அடுத்து வருபவருக்கு அத்தகைய தோழராவது நம் கடமை.

சொற்பொருள்

எண்மர் – எட்டுப் பேர்
வலசை – பருவந்தோறும் பறவைகள் இடம் பெயர்தல்
தன்வரலாறு – தம் வாழ்க்கையைத் தாமே எழுதுதல்
நகையாடுதல் – கேலி செய்தல்

பயிற்சி

1. மாமா சலீம் அலியை மில்லார்டிடம் அனுப்பியது ஏன்?
2. மில்லார்டு செய்த மூன்று செயல்கள் யாவை?
3. பிரித்து எழுதுக: அச்சிறுவர், ஆற்றங்கரை.
4. உங்கள் குடியிருப்பில் காணும் ஐந்து பறவைகளின் பெயர்களைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதுக.
5. உங்கள் விளையாட்டுக் குழுவிற்குப் புதிதாக ஒருவர் வருகிறார். முதல் நாளில் அவருக்கு என்ன பணி தருவீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.