சாக்கடை நீருக்குப் பூஞ்சை வைத்தியம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் மருந்து முழுவதும் உடலில் தங்கிவிடுவதில்லை. ஒரு பகுதி சிறுநீரோடும் மலத்தோடும் வெளியேறிச் சாக்கடையில் கலக்கிறது. அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் உள்ளன. மருந்தைத் தாங்க வல்லவை பெருகுகின்றன, மற்றவை பின்தங்குகின்றன. பெருகியவை தம் எதிர்ப்பாற்றலுக்குரிய மரபணுக்களைப் பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையங்கள் வழியே அண்டை பாக்டீரியாக்களுக்கும் கொடுத்துவிடுகின்றன. பெறுவது அதே இனமாக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை! பிறகு ஒருவருக்கு நோய் வந்தால் முதல் மருந்து பலிக்காது; விலை கூடிய அடுத்த மருந்தைத் தேடவேண்டும். தினக்கூலியில் வாழும் வீட்டுக்கு அந்த விலை வேறுபாடு சிறிதன்று.

குளோரின் இட்டுக் கொன்றுவிட்டால் என்ன? எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படித்ததை வீட்டில் சொல்லிக்காட்டுவது வழக்கம். "செத்த கிருமி என்னப்பா செய்யும்?" என்று என் தந்தையும் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு விடை 1928ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. பிரெடெரிக் கிரிஃபித் என்பவர், வெப்பத்தால் கொல்லப்பட்ட கொடிய நிமோனியா பாக்டீரியாக்களையும் உயிருள்ள தீங்கற்ற வகையையும் கலந்து சுண்டெலிகளுக்குச் செலுத்தினார். சுண்டெலிகள் மாண்டன. செத்தவற்றின் தன்மை உயிருள்ளவற்றுக்குத் தாவியிருந்தது! தாவிய பொருள் டி.என்.ஏ. என்பதை 1944இல் ஏவரி, மக்லியாட், மக்கார்ட்டி ஆகிய மூவரும் காட்டினர். ஆகவே பாக்டீரியா மடிந்தாலும் அதன் மரபணு நீரில் மிஞ்சலாம்; வேறொன்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பூஞ்சை வருகிறது. பட்ட மரத்தில் வண்ண வளையங்களோடு விசிறிபோல் வளரும் டிராமீட்டிஸ் வெர்சிகலர் என்னும் பூஞ்சை, மரத்தின் கடினப் பொருளாகிய லிக்னினையே சிதைக்க வல்லது. லாக்கேஸ் போன்ற நொதிகளை அது தன் உடலுக்கு வெளியே சுரக்கிறது. இந்நொதிகள் ஒரே பொருளை மட்டும் தேடுபவை அல்ல. பலவகை மருந்து மூலக்கூறுகளையும் தாக்குகின்றன. பாக்டீரியாவின் செல்சுவரைக் குறிவைக்கும் பெனிசிலின், கைட்டின் சுவருடைய பூஞ்சையை ஒன்றும் செய்வதில்லை. அந்தப் பெனிசிலினே ஒரு பூஞ்சை தந்ததுதான் என்பதையும் நினைத்துக்கொள்க.

ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கால்நடை மருத்துவமனை ஒன்றின் கழிவுநீரை இப்பூஞ்சையிடம் விட்டுப் பார்த்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். 47 ஆன்டிபயாடிக்குகளைக் கணக்கில் கொண்ட அவ்வாய்வில் 77 விழுக்காடு நீங்கியது. டெட்ராசைக்ளின், சல்ஃபா முதலியவற்றை எதிர்க்கும் மரபணுக்களும் குறைந்தன. ஆனால் மருந்து குறைந்ததால்தான் மரபணு குறைந்தது என்று தெளிவான தொடர்பு காட்ட இயலவில்லை. இதை மறைத்துப் பூஞ்சையைப் புகழ்வது முறையன்று.

இடையூறுகளும் உண்டு. இப்பூஞ்சைக்குப் புளிப்புத்தன்மையுள்ள நீர் வேண்டும், சர்க்கரை ஊட்டவேண்டும். சாக்கடையிலுள்ள பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று அதையே நெருக்கிவிடும். ஆதலால் பழைய பூஞ்சை உருண்டைகளை அவ்வப்போது எடுத்துப் புதியன இடவேண்டும். ஒரு நகரத்தின் கழிவுநீர் முழுவதற்கும் இது கட்டுப்படியாகுமென நான் நம்பவில்லை.

மருந்து செறிந்து வெளிவரும் வாய்களிலேயே இதை அமைத்துப் பார்க்கலாம். ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்ததாக 2007இல் ஓர் ஆய்வு கூறியது. அத்தகைய நீர் ஊர்ச் சாக்கடையோடு கலக்குமுன் மறித்துப் பூஞ்சைத் தொட்டியில் விடவேண்டும். பிறகு புளிப்பை நீக்கி வழக்கமான சுத்திகரிப்புக்கு அனுப்பலாம்.