காகிதச் சிறகும் கல்வராயன் காற்றும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

காகிதத்தை மடித்து அம்புபோல் எறிந்து பார்க்காத குழந்தை இல்லை. எறிந்த காகிதம் சிறிது தூரம் மிதந்து கீழே விழும். குழந்தை மீண்டும் எறியும். அது ஏன் அங்கே விழுந்தது, இன்னும் சற்றுத் தூரம் செல்ல என்ன செய்ய வேண்டும் என்று வினவத் தொடங்கும்போது விளையாட்டு அறிவியலாகிறது. மாணவர்கள் ஒன்றுகூடி மாதிரி வானூர்திகளைச் செய்து பறக்கவிடும் மன்றங்கள் இவ்வினாவை வளர்க்கும் களங்கள். கள்ளக்குறிச்சிச் சமவெளியும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையும் அத்தகைய மன்றத்திற்கு இயற்கை அமைத்துத் தந்த ஆய்வுக்கூடம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கற்பனையும் கருவியும்

வானில் செல்லும் ஊர்தியைப் பற்றிய கற்பனை தமிழுக்குப் புதியதன்று. செலுத்துவோன் இன்றியே வானத்தில் இயங்கும் ஊர்தியைப் புறநானூறு குறிப்பிடுகிறது. சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறி, விசையை ஒருபுறம் திருகினால் எழுந்தும் மறுபுறம் திருகினால் இறங்கியும் செல்வதாகத் திருத்தக்கதேவர் பாடுகிறார். இவை கவிஞர்தம் கற்பனை வளத்திற்குச் சான்றுகள். கற்பனை கருவியாக மாறுவதற்கு அளந்து பார்க்கும் கையும், தோல்வியைக் குறித்துவைக்கும் ஏடும் தேவைப்பட்டன. அவ்விரண்டையும் மனிதனுக்குப் பழக்கியவை மாதிரி வானூர்திகளே.

சிறியதே பெரியதற்கு வழி

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி, 1804ஆம் ஆண்டில் கையால் எறியத்தக்க ஒரு சிறு கிளைடரைச் செய்தார். நீண்ட கோலின்மேல் பட்டம் போன்ற ஓர் இறக்கை; பின்னே திருப்பி அமைக்கத்தக்க வால்; முன்னே எடையை நகர்த்தும் வசதி. இன்றைய வானூர்தியின் அடிப்படை அமைப்பு அந்தச் சிறு கோலிலேயே உருப்பெற்றுவிட்டது.

பிரான்சு நாட்டின் அல்போன்சு பெனோ, 1871ஆம் ஆண்டில் முறுக்கிய இரப்பர் இழையின் விசையால் இயங்கும் மாதிரியைப் பாரிசு நகரப் பூங்கா ஒன்றில் பறக்கவிட்டார். அது 11 நொடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் பறந்தது. பெனோவின் கண்டுபிடிப்பை ஒட்டிச் செய்யப்பட்ட ஒரு பறக்கும் பொம்மையை 1878இல் அமெரிக்கத் தந்தை ஒருவர் தம் மைந்தர்க்கு வாங்கி வந்தார். அச்சிறுவர்கள் அது உடையும்வரை விளையாடினர்; உடைந்தபின் தாமே அதுபோல் செய்ய முயன்றனர். அவர்களே வில்பர் ரைட், ஆர்வில் ரைட்.

வளர்ந்தபின்னும் ரைட் சகோதரர்கள் சிறியவற்றிலிருந்தே தொடங்கினர். 1901ஆம் ஆண்டில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, ஏறத்தாழ 200 வகை இறக்கை மாதிரிகளை அதில் வைத்து அளந்தனர். பறப்பதற்கான இடத்தையும் ஆராய்ந்தே தேர்ந்தனர். சீரான காற்றும் மெத்தென்ற மணலும் உள்ள ஊர் எது என வானிலைப் பதிவுகளைக் கேட்டறிந்து, தம் ஊரை விட்டுத் தொலைவிலிருந்த கிட்டி ஆக் கடற்கரையை அடைந்தனர். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களது வானூர்தி முதன்முதலில் பறந்தது 12 நொடிகள். கடந்த தொலைவு ஏறத்தாழ 37 மீட்டர். அந்த 12 நொடிகளுக்குப் பின்னே ஆண்டுக்கணக்கான அளவீடுகள் இருந்தன.

குரோம்பேட்டை தந்த பாடம்

தமிழகத்தில் வானூர்திக் கல்வி வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. எனப்படும் சென்னைத் தொழில்நுட்பக் கல்விக்கழகம். சி. இராசம் இதனை 1949இல் நிறுவினார். 1950களில் அங்குப் பயின்ற இராமேசுவரத்து மாணவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களால் ஈர்க்கப்பட்டு வானூர்திப் பொறியியலைத் தேர்ந்ததாகத் தம் தன்வரலாற்று நூலில் கூறுகிறார்.

அந்நூல் கூறும் மற்றொரு நிகழ்வும் மாணவர் மன்றங்கள் அறிய வேண்டியது. கலாமும் நண்பர் நால்வரும் தாழப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணியை ஏற்றனர். காற்றியக்க வடிவமைப்பு கலாமின் பொறுப்பு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை ஏனையோர் பகிர்ந்துகொண்டனர். பணியின் வேகம் போதாதெனக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், ஒரு மாதம் கேட்ட கலாமுக்கு மூன்றே நாள் அளித்தார். இரவு பகலாக உழைத்து வரைபடத்தை முடித்தார் கலாம். ஒருவர் பங்கு நின்றால் ஐவர் பணியும் நிற்கும் என்பதே வானூர்தி வடிவமைப்பின் இயல்பு. பள்ளி மன்றத்திற்கும் அதுவே முதற்பாடம்.

தெரியுமா?

நம் நாட்டில் தேசிய மாணவர் படை 1948இல் தொடங்கப்பட்டது. அதன் வான்படைப் பிரிவு மாணவர்களுக்கு மாதிரி வானூர்தி செய்வதும் பறக்கவிடுவதும் பயிற்சியின் ஒரு பகுதியாகும். அனைத்திந்திய அளவில் நடைபெறும் வாயு சைனிக் முகாமில் இதற்கெனப் போட்டிகள் உண்டு.

மன்றத்தின் பணிகள்

மாதிரி வானூர்தி மன்றம் தொடங்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. தடித்த காகிதம், தெர்மாகோல் தாள், மூங்கில் சிம்பு, பசை, இரப்பர் வளையம், சிறிதளவு களிமண் ஆகியவை போதும். மேலைநாட்டார் பால்சா என்னும் எடை குறைந்த மரத்தைப் பயன்படுத்துவர். தஞ்சைக் கைவினைஞர் கோயில் உருவங்களைச் செதுக்கும் நெட்டியும் அதுபோல் மிக இலேசானது. அதனைக் கொண்டு சிறு மாதிரிகளைச் செய்து பார்க்கலாம்.

பயிற்சி நான்கு படிகளாக அமைவது நலம். முதற்படியில் கையால் எறியும் கிளைடர். அடுத்து இரப்பர் இழையால் சுழலும் விசிறி கொண்ட மாதிரி. மூன்றாவதாக, கம்பியால் பிணைக்கப்பட்டு இயக்குபவரைச் சுற்றிப் பறக்கும் மாதிரி. இறுதியில் வானொலி அலையால் இயக்கப்படுவது. முதற்படியைத் தாண்டிக் குதிக்க விரும்புவோர் பலர். ஆயினும் விசைப்பொறி இல்லாத கிளைடர்தான் காற்றின் இயல்பைத் தெளிவாகக் கற்பிக்கும். அதில் பிழையை மறைக்கப் பொறியின் ஆற்றல் இல்லை.

பறக்கும் பொருளின்மீது எடை, மேலெழுவிசை, உந்துவிசை, இழுவிசை என நான்கு விசைகள் செயற்படுகின்றன. விசைப்பொறி இல்லாத கிளைடர், தன் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு முன்னேறுகிறது. அதன் ஈர்ப்பு மையம் இறக்கை அகலத்தின் முன்விளிம்பிலிருந்து நான்கில் ஒரு பங்கிற்கும் மூன்றில் ஒரு பங்கிற்கும் இடையே அமைதல் பொதுவாக நன்று. எறிந்ததும் மூக்கை உயர்த்தி, வேகமிழந்து, தலைகுப்புறச் சரிந்தால் மூக்கில் எடை குறைவு. சிறிது களிமண் சேர்க்க வேண்டும். எறிந்த உடனே மண்ணை நோக்கிப் பாய்ந்தால் மூக்கில் எடை மிகுதி. களிமண்ணைக் குறைக்க வேண்டும். ஒருபுறமே திரும்பினால் இறக்கை இரண்டும் ஒத்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்தல் வேண்டும்; இரண்டை ஒருசேர மாற்றினால் பயன் எதனால் விளைந்தது என்பது விளங்காது.

எடுத்துக்காட்டாக, 1.5 மீட்டர் உயரத்திலிருந்து எறிந்த கிளைடர் 6 மீட்டர் சென்று தரையைத் தொடுவதாகக் கொள்வோம். அதன் சறுக்கு விகிதம் 4. மூக்கின் எடையைச் சரிசெய்தபின் 9 மீட்டர் சென்றால் விகிதம் 6. வீசிவிட்டுப் போகும் ஒரு காற்று நம்மை ஏமாற்றிவிடும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் ஐந்து முறை எறிந்து சராசரி காண வேண்டும்.

ஆகவே மன்றத்தின் மிகச் சிறந்த உடைமை அதன் பறப்பேடு. நாள், இடம், காற்றின் திசை, செய்த மாற்றம், கடந்த தொலைவு, நேரம், விழுந்த விதம் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறும். எறிபவர், நேரம் பார்ப்பவர், தொலைவு அளப்பவர், எழுதுபவர் என்னும் பொறுப்புகள் வாரந்தோறும் மாறிவர வேண்டும். எப்போதும் எறிபவராகவே இருப்பவர் பறக்கவிடக் கற்பார்; எழுதவும் அளக்கவும் பழகியவரே வடிவமைக்கக் கற்பார். மாணவியர் பசை பூசவும் மாணவர் பறக்கவிடவும் எனப் பணி பிரிந்துவிடாமல் காப்பதும் மன்றத்தின் கடமை.

களப்பயணம்

கள்ளக்குறிச்சி, 2019ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உள்ளது. தமிழகத்தின் பல இடங்களில் போருக்கென அமைந்து பின்னர்க் கைவிடப்பட்ட ஓடுதளங்களுள் இதுவும் ஒன்று. ஓடுதளம் ஏன் நீண்டு நேராக இருக்க வேண்டும், காற்றின் திசைக்கும் அதன் திசைக்கும் என்ன தொடர்பு என்பவற்றை எண்ணிப் பார்க்க உள்ளூரிலேயே கிடைத்த வரலாற்றுச் சான்று அது.

அடுத்த பயணம் மலையை நோக்கி. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு மாணவர் குழு கச்சிராயபாளையம் வழியாகச் செல்வதாகக் கொள்வோம். மலையடிவாரத்தில் கோமுகி அணை. அதன்பின் வளைந்தேறும் மலைப்பாதை. மேலே கரியாலூர், வெள்ளிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு கூறாக வழங்குகிறது.

இப்பயணத்தில் ஒரே கிளைடரை அடிவாரத்திலும் மலைமீதும் எறிந்து ஒப்பிடலாம். கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் அதே எடையைத் தாங்க இறக்கை சற்று விரைந்து செல்ல வேண்டும். எனவே கிளைடரின் வேகம் சிறிது கூடும். சறுக்கு விகிதமோ பெரும்பாலும் மாறாது. இவ்வேறுபாடு நுண்ணியது. பறப்பேட்டைப் பொறுமையோடு எழுதிய குழுவிற்கு மட்டுமே அது புலப்படும்.

மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கி எழும். அங்கே எறிந்த கிளைடர் இறங்காமல் மிதந்து நிற்கவும் கூடும். மலையின் மறுபுறத்திலோ காற்று சுழன்று கீழிறங்கும். அங்குச் சிக்கிய மாதிரி நொறுங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கள்ளக்குறிச்சியை நோக்கிய கிழக்குச் சரிவு காற்றின் மறைவுப் பக்கமாகிறது. வடகிழக்குக் காற்று வீசும்போது அதே சரிவு காற்றை எதிர்கொள்ளும் பக்கமாகிறது. மழை ஓய்ந்து வடகிழக்குக் காற்று இன்னும் வீசும் தை மாதம் பயணத்திற்கு ஏற்றது.

காற்றை அறிந்தவர் மலையிலும் உண்டு. சாமையும் திணையும் விளைவித்துக் களத்தில் தூற்றும் பெரியோர், எந்த வேளையில் எந்தப் பக்கக் காற்று சீராக வரும் என்பதைப் பட்டறிவால் உரைப்பர். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்னும் பழமொழி அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை. இறக்கை அசைக்காமல் வட்டமிடும் பருந்தும், வெப்பத்தால் எழும் காற்று எங்குள்ளது என்பதைச் சுட்டும். அவர்களிடம் கேட்பதும் பருந்தைப் பார்ப்பதும் பறப்பேட்டில் எழுதத்தக்க செய்திகளே.

விதியும் பொறுப்பும்

வானம் பொதுவெளி. இந்திய அரசு 2021 ஆகஸ்டு 25 அன்று ஆளில்லா வானூர்தி விதிகளை வெளியிட்டது. கல்வி, ஆய்வு, பொழுதுபோக்கு ஆகியவற்றிற்காகக் கண்ணுக்கு எட்டும் தொலைவிற்குள் இயக்கப்படும் 25 கிலோகிராமுக்கு மேற்படாத மாதிரிகளை அவ்விதிகள் தனியே வரையறுக்கின்றன. பச்சை மண்டலம் எனக் குறிக்கப்பட்ட பகுதிகளில் 120 மீட்டர் உயரம்வரை பறக்கவிட முன்னிசைவு தேவையில்லை. வானொலியால் இயங்கும் மாதிரியைப் பறக்கவிடுமுன், இடம் எம்மண்டலத்தைச் சேர்ந்தது என்பதை அரசின் வான்வெளி வரைபடத்தில் பார்த்தறிதல் கடமை. காட்டுப்பகுதி எனில் வனத்துறையின் இசைவும், விளைநிலம் எனில் உழவரின் இசைவும் பெற வேண்டும்.

மின்கம்பிகளின் அருகே எம்மாதிரியையும் பறக்கவிடலாகாது. கம்பியால் பிணைத்த மாதிரி உயிருக்கே தீங்காகும். சுழலும் விசிறிக்கு நேரே நிற்றல் கூடாது. உடைந்த தெர்மாகோல் துண்டு ஒன்றுகூட மலையில் எஞ்சாமல் பொறுக்கி வருவதோடுதான் பயணம் நிறைவுறும்.

எதற்காகப் பறக்கவிடுகிறோம்?

எம்.ஐ.டி. வளாகத்து மாணவர்களைக் கொண்ட ‘தக்‌ஷா’ குழு, 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்தில் நடைபெற்ற ஆளில்லா வானூர்திப் போட்டியில் பங்கேற்று இரண்டாம் இடம் பெற்றது. எளிதில் அணுக இயலாத இடத்திலுள்ள நோயாளிக்கு மருத்துவ உதவி சேர்ப்பதே அப்போட்டியின் மையக்கருத்து. மாதிரி வானூர்திகளில் ஈடுபாடு கொண்ட திரைக்கலைஞர் அஜித்குமார் அக்குழுவின் ஆலோசகராக இருந்தார்.

போட்டிக்களத்தில் கண்டது விரைவில் நம் நாட்டில் நடைமுறைக்கும் வந்தது. 2021 அக்டோபர் 4 அன்று மணிப்பூரில், பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்டக் ஏரியின் கரங் தீவிற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தின்கீழ் ஆளில்லா வானூர்தி தடுப்பூசி கொண்டு சென்றது. சாலைவழி 26 கிலோமீட்டர். வான்வழி 15 கிலோமீட்டர். அதனைக் கடக்க 12 முதல் 15 நிமிடங்களே ஆயின.

இவ்வெண்களைக் கல்வராயனோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். இம்மலையின் பழங்குடி மக்கள் சிதறிய குக்கிராமங்களில் வாழ்கின்றனர். சாலை எட்டாத மலையூர்களில் நோயுற்றவரைச் சுமந்து இறங்குவது புதிய செய்தியன்று. அங்கே ஒரு மணி நேரம் என்பது ஓர் உயிரின் விலையாகலாம். வானூர்தி சாலைக்கும் மருத்துவமனைக்கும் ஈடாகாது; அவை வந்து சேரும்வரை மருந்தை விரைந்து சேர்க்க அது துணையாகும். அதற்கு இம்மலைக் காற்றின் போக்கை அறிந்தவர்கள் வேண்டும். எந்தச் சரிவில் எந்த மாதம் காற்று கீழிறங்கும் என்பதைத் தம் பறப்பேட்டில் எழுதிவைத்த மலையூர் மாணவியும் சமவெளி மாணவனும் அத்தகையோர் ஆவர். காகித இறக்கையில் ஒட்டிய சிறு களிமண் அவர்களது முதற்பாடமாக இருந்திருக்கும்.

கற்பவை கற்றபின்…

1. தடித்த காகிதத்தால் கிளைடர் ஒன்றைச் செய்து, ஈர்ப்பு மையத்தை மாற்றி மாற்றி எறிந்து, சறுக்கு விகிதத்தைக் கணக்கிட்டுப் பறப்பேடு ஒன்றை உருவாக்குக.

2. உங்கள் ஊரில் பருவந்தோறும் காற்று வீசும் திசைகளை உழவர்களிடம் கேட்டுத் தொகுத்து வகுப்பறையில் படித்துக் காட்டுக. அவர்கள் வழங்கும் காற்றுப் பெயர்களையும் குறித்து வருக.

பாடநூல் வினாக்கள்

குறுவினா: கிளைடர் எறிந்த உடனே மூக்கு உயர்ந்து சரிவது ஏன்? அதனை எவ்வாறு சரிசெய்யலாம்?

சிறுவினா: ஒரே கிளைடர் அடிவாரத்திலும் மலைமீதும் பறப்பதில் காணும் வேறுபாட்டை விளக்குக.

நெடுவினா: ‘மன்றத்தின் மிகச் சிறந்த உடைமை அதன் பறப்பேடு’ என்னும் கூற்றைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் நிறுவுக.