முன் இருக்கையும் எச்சரிக்கை விளக்கும்

பழைய கார் ஒன்றை வாங்கி, மரக்கறி ஏற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காற்றுப்பை விளக்கு அணையாது எரிந்தால், விபத்தில் பை விரியாமற் போகலாம். ஆகவே அதை அசட்டை செய்யலாகாது.

பல கார்களில், சாரதிக்கு அருகிலுள்ள இருக்கையின் கீழ் பாரத்தை அறியும் சென்சர் உண்டு. மூட்டை வைத்தால் பட்டி விளக்கு எரியும், இறக்கினால் அணையும். அது கோளாறல்ல.

காற்றுப்பை விளக்கே எரிந்தால் செய்ய வேண்டியவை:

1. சாவியை நிறுத்தி, பெட்டரியின் எதிர்முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். சேமித்த மின்சாரம் வடியவேண்டும்.

2. இருக்கையின் கீழே வயர் நசுங்கியதா, இணைப்பு தளர்ந்ததா, பச்சை பூத்ததா எனப் பாருங்கள். 2003, 2017 மே மாதங்களில் இரத்தினபுரியில் வந்தது போன்ற வெள்ளத்தில் நின்ற வாகனங்களில் இது நேரக்கூடும்.

3. மஞ்சள் இணைப்பில் சோதனை விளக்கோ மீற்றரோ வைக்காதீர்கள். பை வெடித்து விரியலாம்.

4. தளர்ந்ததை அழுத்திப் பொருத்துங்கள். பின்னும் எரிந்தால், பிழைக்குறியை வாசிக்கும் கருவியுள்ள கராஜுக்குச் செல்லுங்கள். அதுவரை அந்த இருக்கையில் யாரையும் ஏற்றாதீர்கள்.

கார் வாங்கும்போதும் கவனியுங்கள்: சாவி போட்டதும் அவ்விளக்கு சில வினாடி எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லையெனில், குறையை மறைக்க யாரோ அதைக் கழற்றியிருக்கலாம்.