ஆறாம் ஜார்ஜ் மன்னரின் திக்கல் ஒரே உரையில் தீர்ந்ததா?

பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜின் திக்கலைச் சொல்லும் ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ படம் 2010இல் வந்தது, நான்கு ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. திரைக்கதை எழுதிய டேவிட் சைட்லரும் சிறுவயதில் திக்குவாயால் அவதிப்பட்டவர். படத்தில் உயிர் இருக்கிறது. ஆனால் அதை வரலாறாக எடுத்துக்கொண்டால், திக்கிப் பேசுகிறவர்களுக்குத் தவறான எதிர்பார்ப்பைக் கொடுத்துவிடுவோம்.

நம்பிக்கை: இரண்டாம் உலகப் போர் நெருங்கிய நேரத்தில் பேச்சுப் பயிற்சியாளர் லயனல் லோக் கிடைத்தார். 1939 செப்டம்பர் 3 வானொலி உரையோடு மன்னருக்குத் திக்கல் போய்விட்டது.

உண்மை: இருவரும் சந்தித்தது 1926 அக்டோபரில். ஜார்ஜ் அப்போது மன்னர் அல்லர், யார்க் கோமகன். முந்தைய ஆண்டு வெம்பிளி கண்காட்சியின் நிறைவு விழாவில் பெருங்கூட்டத்தின் முன் சொல் வராமல் அவர் தவித்திருந்தார். லண்டன் ஹார்லி தெருவில் இருந்த லோக்கிடம் 1927 டிசம்பருக்குள் 82 முறை போனார். மூச்சுப் பயிற்சி, நாக்குப் புரளும் வாக்கியங்கள், வீட்டிலும் அன்றாடம் அதே உழைப்பு. இதற்கிடையில், 1927 மே மாதத்தில் கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்துவைத்து நன்றாகப் பேசினார். முடிசூட்டு விழாவுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே கிடைத்த பலன் இது!

அப்படியும் திக்கல் அவரை விட்டுப் போய்விடவில்லை. மன்னரான பிறகும் முக்கியமான உரைகளுக்கு முன் இருவரும் உட்கார்ந்து, வாயில் வராத சொற்களை மாற்றினார்கள், நிறுத்த வேண்டிய இடங்களைக் குறித்தார்கள். லோக் பக்கத்தில் இல்லாமல் மன்னர் கிறிஸ்துமஸ் உரை நிகழ்த்தியது 1944இல்தான். லோக் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆஸ்திரேலியாவில் பேச்சுக்கலை ஆசிரியராக இருந்து, முதல் உலகப் போரில் பேச்சு பாதிக்கப்பட்ட வீரர்களுக்குப் பயிற்சி தந்தவர்.

நம்பிக்கை: மன்னரின் திக்கலுக்கு, கண்டிப்பான அப்பாமீது இருந்த பயமே காரணம்.

உண்மை: பயம் திக்கலைக் கூட்டும். ஆனால் மரபணுவுக்கும், பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகள் செயல்படும் விதத்துக்கும் பெரிய பங்கு இருப்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத் திக்கல் இருக்கிறது. அது கோழைத்தனமும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை.

உங்கள் வீட்டுக் குழந்தை திக்கினால் அதட்டாதீர்கள். பாதியில் நிற்கும் சொல்லை நீங்களே முடித்துக் கொடுக்காதீர்கள். சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள், பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.