புத்தகத்தில் ஒரே விலை, சந்தையில் 13 லட்சம் வித்தியாசம்: பாகம் பிரிக்கும்போது கார்களை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: அண்ணனும் நானும் திருப்பூரில் சம பங்குக்கு ஒரு பனியன் கம்பெனி நடத்தி வந்தோம். மனக்கசப்பு வருவதற்குள் பிரிந்துவிடலாம் என்று 2026 மார்ச் 31-ம் தேதியோடு கூட்டாண்மையைக் கலைத்தோம். இயந்திரம், சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. இரண்டு கார்களில்தான் சிக்கல். 2022 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் வாங்கினோம். நான் வைத்திருப்பது பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ் பெட்ரோல். அண்ணனுடையது லெக்ஸஸ் இ.எஸ். ஹைபிரிட். இரண்டுக்கும் ஷோரூம் விலை சுமார் 65 லட்சம், ஆயுள் வரியும் சேர்த்துத் தலா 75 லட்சம் கணக்கில் ஏறியது. பணம் கம்பெனியுடையது, ஆர்.சி. மட்டும் அவரவர் பெயரில். கடன் எதுவும் பாக்கியில்லை. இப்போது ஆடிட்டர் இரண்டு காருக்கும் தலா 39 லட்சத்து 15 ஆயிரம் என்று போட்டு, "அவரவர் கார் அவரவருக்கு, கணக்கு நேர்" என்று பத்திரம் தயாரித்திருக்கிறார். என் கார் 82,000 கிலோமீட்டர் ஓடியது, வாரன்டியும் முடிந்துவிட்டது. 31 லட்சத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. அண்ணன் காரை 44 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். இதைச் சொன்னால், "இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் 39 லட்சம்தானே போட்டிருக்கிறது, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?" என்கிறார். நான் கேட்பது பேராசையா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: பேராசை இல்லை. அந்தப் பத்திரத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ‘முழுமையாகக் கணக்குத் தீர்ந்தது’ என்று இருவரும் ஒப்பமிட்டுவிட்டால், மோசடியோ தவறான தகவலோ நடந்தது என்று நிரூபித்தால் ஒழிய அதைத் திறக்க முடியாது. கையெழுத்துக்கு முன்னால் ஒரு மணி நேரத்தில் பேசித் தீர்க்கக்கூடியதைப் பிறகு நீதிமன்றத்தில் வருடக்கணக்காக இழுக்க வேண்டி வரும்.

ஆடிட்டர் கணக்குத் தவறு செய்யவில்லை. வருமான வரிக் கணக்கில் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல் தேய்மானம் கழிப்பார்கள். 75 லட்சம் முதல் ஆண்டில் 63 லட்சத்து 75 ஆயிரமாகும். நான்கு நிதியாண்டு கழித்தால் 39 லட்சத்து 15 ஆயிரத்தில் வந்து நிற்கும். இந்தக் கணக்குக்குக் காரின் பிராண்டு தெரியாது. எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியதா, எண்பதாயிரம் ஓடியதா, மோதி வேலை பார்த்ததா என்றும் தெரியாது. ஆண்டு லாபத்தில் எவ்வளவு செலவாகக் கழிக்கலாம் என்பதற்காக அரசு வைத்த விகிதம் அது. சொத்தின் விலை என்ன என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை.

பாலிசியில் இருக்கும் 39 லட்சத்தின் கதையும் இதேதான். ஐ.டி.வி. என்று சொல்லும் அந்தத் தொகைக்குப் பாலிசியில் ஒரு பட்டியல் உண்டு. உற்பத்தியாளரின் பட்டியல் விலையில் ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, பிறகு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20, 30, 40, 50 என்று கழிப்பார்கள். மூன்று வருடம் தாண்டிய காருக்கு 40 சதவீதம். 65 லட்சத்தில் அதைக் கழித்தால் 39 லட்சம். கார் திருடு போனாலோ, பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டி முழு இழப்பாகக் கருதப்பட்டாலோ தருவதற்கான தொகை இது. இரண்டு எண்களும் பக்கத்தில் வந்து நின்றது தற்செயல். அடுத்த ஆண்டு வருமான வரிக் கணக்கு 33 லட்சத்தைச் சொல்லும், பாலிசி பட்டியல் 32.5 லட்சத்தைச் சொல்லும். அப்போதும் உங்கள் இரண்டு கார்களுக்கும் சந்தையில் ஒரே விலை வரப்போவதில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, நிறுவனப் பணத்தில் வாங்கியது, வேறு எண்ணம் இருந்ததாகக் காட்டாதவரை, நிறுவனச் சொத்து. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் யார் பொறுப்பாளி என்பதற்கு முக்கியம். பங்காளிகளுக்குள் யாருடைய சொத்து என்பதை அது மட்டும் முடிவு செய்யாது. ஆகவே இரண்டு கார்களும் உங்கள் இருவருக்கும் பொதுவானவை. ‘அவர் கார், என் கார்’ என்ற பேச்சே கலைப்புக் கணக்கு முடிந்த பிறகுதான் வரும்.

கலைப்பில் கணக்குத் தீர்க்கும் முறையை 48-வது பிரிவு சொல்கிறது. வெளிக் கடன், பங்காளிகள் கொடுத்த கடன், மூலதனம், மிச்சம் இருந்தால் லாபப் பங்கு விகிதத்தில் பிரிப்பு என்பது வரிசை. ஆனால் ‘பங்காளிகளுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது’ என்ற நிபந்தனையோடுதான் இந்தப் பிரிவு தொடங்குகிறது. எனவே உங்கள் கூட்டாண்மைப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். ‘கலைப்பின்போது சொத்துகளைப் புத்தக மதிப்பிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதி நீங்களும் கையெழுத்திட்டிருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். ஒரு பங்காளி விலகும்போது புத்தக மதிப்பு என்று மட்டும் இருந்தால், அது விலகலுக்கான ஷரத்து. கலைப்புக்கு அது தானாகப் பொருந்தாது என்று வாதிட நல்ல இடமிருக்கிறது.

பத்திரம் எதுவும் சொல்லவில்லை என்றால் சந்தை மதிப்புதான் அளவுகோல். 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஏ.எல்.ஏ. ஃபர்ம் வழக்கு சென்னையிலிருந்து போனது. சரக்கின் மதிப்பைப் பற்றிய வரி வழக்குதான் அது. ஆனாலும் கலைப்பில் பங்காளிகளின் உரிமைகளைச் சரிக்கட்ட வேண்டுமானால் சொத்துகளை உண்மையான சந்தை மதிப்பில் எடுக்க வேண்டும் என்ற அடிப்படையில்தான் அது தீர்ந்தது. ஆடிட்டரிடம் இன்னொன்றையும் கேளுங்கள். கலைப்பில் பங்காளி கைக்குப் போகும் சொத்தை, அன்றைய நியாயமான சந்தை விலைக்கு நிறுவனம் விற்றதாகவே 1961 வருமான வரிச் சட்டத்தின் 9பி பிரிவு கருதுகிறது. புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. அவர் ஆதாரமாகக் காட்டும் வரிச் சட்டமே இந்த இடத்தில் புத்தக மதிப்பை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகிறது.

‘ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு கார்களுக்கு எப்படி 13 லட்சம் வித்தியாசம் வரும்?’ என்று அண்ணன் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது, அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் 5 சீரிஸின் அடுத்த தலைமுறை, நீண்ட வீல்பேஸோடு இந்தியாவுக்கு வந்தது. சொகுசுக் காரைப் பழையதாக வாங்குகிறவர் பார்ப்பதே தோற்றத்தைத்தான். புது உருவம் வந்ததும் பழைய உருவத்தின் விலை இறங்கும். அடுத்த அடி 2025 செப்டம்பர் 22-ல் விழுந்தது. ஜி.எஸ்.டி.யோடு செஸ்ஸும் சேர்ந்து பெரிய பெட்ரோல் செடானுக்கு அதுவரை 48 சதவீத வரி, ஹைபிரிட்டுக்கு 43. அன்று முதல் இரண்டுக்கும் 40. ஷோரூம் விலை 65 லட்சமாக இருந்தால், இந்த ஒரே மாற்றத்தில் பெட்ரோல் கார் சுமார் மூன்றரை லட்சம் மலிவாகும், ஹைபிரிட் ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேல். புதிய கார் எவ்வளவு மலிவாகிறதோ அந்த அளவுக்குப் பழைய காரின் விலையும் இழுபடும். இவற்றோடு உங்கள் காரின் ஓட்டமும், முடிந்துபோன வாரன்டியும் சேர்கின்றன. வாரன்டி இல்லாத ஜெர்மன் காரை வாங்குகிறவர், அடுத்து வரப்போகும் பழுதுச் செலவை முன்கூட்டியே விலையில் கழித்துவிடுவார்.

82,000 கிலோமீட்டர் பற்றி அண்ணன் ஒரு வாதம் வைக்கலாம்: "நீ அதிகம் ஓட்டினாய், நஷ்டத்தை நீயே ஏற்க வேண்டும்." கம்பெனி வேலைக்காகச் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் ஓடியிருந்தால் அது தொழிலின் தேய்மானம், இருவருக்கும் பொது. பெரும்பகுதி குடும்பப் பயணம் என்றால் அவர் வாதத்தில் சாரம் இருக்கிறது. நிறுவனச் சொத்தைத் தொழிலுக்கே பயன்படுத்த வேண்டும் என்பது 15-வது பிரிவு. ஆனால் அவர் காரும் அப்படித்தான் ஓடியிருக்கும், இரண்டுக்கும் நான்கு வருடம் யாரும் ஆட்சேபிக்கவில்லை. நானாக இருந்தால் இதில் அவருக்கு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் விட்டுக்கொடுக்கத் தயங்க மாட்டேன்.

உங்களுக்கு வரவேண்டிய தொகை எளிதான கணக்கு. 31-ம் 44-ம் சேர்ந்தால் 75 லட்சம், பாதி 37.5 லட்சம். அண்ணன் உங்களுக்கு 6.5 லட்சம் கொடுத்தால் இருவரும் சமம். 13 லட்சம் முழுவதையும் கேட்காதீர்கள், அது தவறான கோரிக்கை.

இந்த இரண்டு விலைகளும் வாய்வார்த்தையாக இருக்கும்வரை பயனில்லை. தரகர் போனில் சொன்னது ஆதாரமாகாது. இரு நிறுவனங்களுமே பழைய கார்களைப் பரிசோதித்து வாங்கி விற்கும் கடைகள் வைத்திருக்கின்றன; அங்கும், பல பிராண்டு விற்கும் ஒரு கடையிலும் இரண்டு கார்களையும் காட்டி எழுத்தில் விலை வாங்குங்கள். உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரின் மதிப்பீடும் இருந்தால் நல்லது. சர்வீஸ் வரலாறு, பழைய கிளெய்ம் விவரம், ஹைபிரிட் பேட்டரிக்கு மீதமுள்ள உத்தரவாதம் ஆகியவற்றை அதோடு இணைக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றிருந்தால் 2022-ன் 23-வது வாரத்தில் செய்தது. நான்கும் முதலில் வந்த டயர்களாகவே இருந்தால் வாங்குகிறவர் அதற்கும் கழிப்பார், சர்வேயர் அதையும் எழுதுவார். மதிப்பீடு மார்ச் 31-ஐ ஒட்டியதாக இருக்கட்டும். இந்த வகைக் கார்கள் மாதாமாதம் இறங்கும், தள்ளிப்போட்டால் எந்தத் தேதி விலை என்பதே புதுத் தகராறாகிவிடும்.

அண்ணனுக்கு மதிப்பீட்டில் நம்பிக்கை இல்லையென்றால், என் அனுபவத்தில் குடும்பங்களில் நன்றாக நடந்த ஒரு வழி இருக்கிறது. வித்தியாசத் தொகையை ஒருவர் சொல்லட்டும், எந்தக் கார் வேண்டும் என்பதை மற்றவர் தேர்ந்தெடுக்கட்டும். ‘இரண்டும் சமம், வித்தியாசமே இல்லை’ என்று அண்ணன் சொன்னால், லெக்ஸஸை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கார்கள் கை மாறினால் படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யை மாற்றுங்கள், பாலிசியையும் மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் இரண்டையும் விற்றுப் பணத்தைப் பிரியுங்கள். அப்போது ஜி.எஸ்.டி.யில் தேய்மானம் போக மீதமுள்ள மதிப்புக்கு மேல் கிடைக்கும் தொகைக்கு மட்டும் 18 சதவீத வரி: லெக்ஸஸ் 44-க்குப் போனால் 4.85 லட்சத்துக்கு 87,300 ரூபாய், உங்கள் காருக்கு வரியே இல்லை.

பேச்சு முறிந்தால் பத்திரத்தில் மத்தியஸ்த ஷரத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கணக்குக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். கலைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம். கூட்டாண்மை பதிவு செய்யப்படாததாக இருந்தாலும் கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்க 69-வது பிரிவு தடையில்லை.

இந்த வாரமே ஆடிட்டரிடம் சென்று, கார்கள் பற்றிய பத்தியை இப்படி மாற்றித் தரச் சொல்லுங்கள்: ‘நிறுவனப் பணத்தில் வாங்கிய கீழ்க்கண்ட இரு கார்களும் 31.03.2026 அன்றைய சந்தை மதிப்பில் முறையே 31 லட்சம், 44 லட்சம் ரூபாய் எனக் கொள்ளப்பட்டன. இணைப்பிலுள்ள மதிப்பீடுகளை இருவரும் பார்த்து ஏற்றனர். மதிப்பைச் சமன்செய்ய முதல் பங்காளிக்கு இரண்டாம் பங்காளி 6 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயை வங்கி வழியாகச் செலுத்துகிறார்.’ இரண்டு காரின் பதிவு எண்ணும் சேஸிஸ் எண்ணும் கீழே வரட்டும். பணம் உங்கள் கணக்கில் ஏறிய அன்றே கையெழுத்திடுங்கள்.