குடத்தைத் தூக்கிக் காட்டுபவர் யார்?
தேர்தலை நடத்தும் பதவியும் நெகிரி செம்பிலான் தோட்டத்து வாக்கும்

முன்னுரை

மக்களாட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வேட்பாளர்களைப் பற்றியே பேசுகிறோம். யார் நின்றார், யார் வென்றார், எத்தனை வாக்கு வித்தியாசம் என்பவையே நம் தேநீர்க் கடைப் பேச்சு. அந்தத் தேர்தலை நடத்தியவர் யார், அவரை அப்பதவியில் அமர்த்தியவர் யார், அவர் தவறினால் கேட்பவர் யார் என்ற கேள்விகள் நம் காதில் விழுவதே அரிது. இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ரந்தாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில், என் வீட்டு வாசலிலேயே நடந்த ஒரு வழக்கை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

2018ஆம் ஆண்டு மே 9ஆம் நாள். 14ஆவது பொதுத்தேர்தல். எனக்கு அப்போது 15 வயது. பாட்டியைக் கைத்தாங்கலாக வாக்களிப்பு மையத்திற்கு அழைத்துச் சென்று, வாசலுக்கு வெளியே காத்திருந்தேன். வெளியே வந்த பாட்டியின் முகத்தில் குழப்பம். விரலில் மை இருந்தது. மனத்தில் நிம்மதி இல்லை. "ஏன்யா, ஒரே தாளுதான் குடுத்தாங்க. எப்பவும் ரெண்டு குடுப்பாங்களே! நான் எங்கயாச்சும் கீழ விட்டுட்டேனா?" என்று கேட்டார். அவர் எதையும் கீழே விடவில்லை. ரந்தாவ் வாக்காளர்களுக்கு அன்று ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்கான வாக்குச்சீட்டு மட்டுமே வழங்கப்பட்டது. சட்டமன்றத்திற்கு வாக்குச்சீட்டே இல்லை. ஏன் இல்லை என்பதைப் பின்னர் காண்போம்.

உத்திரமேரூர்க் குடம்

தமிழ் மாணவர்களாகிய நமக்குத் தேர்தல் என்றதும் நினைவுக்கு வருவது குடவோலை முறை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அம்முறையை விரிவாகக் கூறுகின்றன. 30 குடும்புகள், 35 முதல் 70 வரையிலான வயது வரம்பு, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர் என்னும் விதி ஆகியவற்றை நாம் பள்ளியிலேயே படித்திருப்போம்.

ஆயினும் அக்கல்வெட்டில் நாம் கவனிக்கத் தவறும் பகுதி ஒன்று உண்டு. தேர்தலை நடத்துவது எப்படி என்ற பகுதியே அது. பெரியவரும் சிறியவரும் கூடிய அவையில், நம்பிமார்களுள் வயதில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லாரும் காணும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் படித்த பிறகு, அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும்.

ஐந்து விரல்களை விரிப்பது எதற்காக? வேறோர் ஓலையை விரலிடுக்கில் ஒளித்து வைத்திருக்கவில்லை என்று காட்டுவதற்காகவே என்பது தெளிவு. தேர்தலை நடத்துபவரை அக்காலத்தார் மதித்தனர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. அவருடைய கையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். இதுவே இக்கட்டுரையின் அளவுகோல்.

இங்கு ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களின் சபை. பெண்களின் பெயரும் உழைப்பாளிகளின் பெயரும் அக்குடத்தில் இடப்படவில்லை. பால்மரம் சீவக் கப்பலேறி வந்த நம் முன்னோரின் பெயர் அதில் இருந்திருக்காது. ஆகவே குடவோலையைப் பெருமையாக மட்டும் பேசாமல், பாடமாகவும் படிக்க வேண்டும்.

தேர்தல் நடத்துபவரையே தேர்ந்தெடுக்கலாமா?

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மாநிலச் செயலாளர் என்றொரு பதவி உண்டு. மாநிலத்தின் தேர்தல் நிர்வாகத்தை மேற்பார்வையிடுவது அவருடைய முக்கியக் கடமைகளுள் ஒன்று. சுமார் 35 மாநிலங்களில் இப்பதவிக்கே மக்கள் வாக்களிக்கின்றனர். கட்சி வேட்பாளர்கள் மாநிலம் முழுவதும் பிரசாரம் செய்து போட்டியிடுகின்றனர். அதாவது, குடத்தைத் தூக்கிக் காட்டுபவரையும் குடத்திலிருந்தே எடுக்கிறார்கள்!

இதன் விளைவு இருவகையாக இருந்துள்ளது. 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தின் முடிவு வெறும் 537 வாக்குகளில் தீர்மானிக்கப்பட்டது. அம்முடிவைச் சான்றளித்த மாநிலச் செயலாளர் கேத்தரின் ஹாரிஸ், வெற்றி பெற்ற ஜார்ஜ் புஷ்ஷின் மாநிலப் பிரசாரக் குழுவிலும் இணைத்தலைவராக இருந்தவர். நடுவரே ஓர் அணியின் சட்டையை அணிந்திருந்தார் என்ற குறை இன்றளவும் தீரவில்லை.

இதற்கு மாறாக, 2021 ஜனவரி 2ஆம் நாள் ஜார்ஜியா மாநிலச் செயலாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்த அதிபர் டிரம்ப், தமக்கு 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்டார். இருவரும் ஒரே கட்சியினர். எனினும் செயலாளர் மறுத்துவிட்டார். ஆக, பதவிக்கு வரும் முறை ஒன்றாக இருந்தாலும், வந்தவரின் நடத்தை ஒன்றாக இருப்பதில்லை.

நியமனம் மட்டும் போதுமா?

நம் நாட்டில் தேர்தல் ஆணையத்திற்கு வாக்கெடுப்பு இல்லை. 1957 செப்டம்பரில் அமைக்கப்பட்ட ஆணையத்தின் உறுப்பினர்களை, கூட்டரசு அரசியலமைப்பின் 114ஆம் விதிப்படி, ஆட்சியாளர்கள் மாநாட்டைக் கலந்தாலோசித்த பின் மாமன்னர் நியமிக்கிறார். நியமிக்கும்போது, பொதுமக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஆணையமாக அது அமைவதன் முக்கியத்துவத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. உறுப்பினரைப் பதவி நீக்குவதும் எளிதன்று. கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே கடுமையான முறை இதற்கும் உண்டு.

ஏட்டில் இது வலுவான பாதுகாப்பு. ஆனால் அதிகாரம் காலப்போக்கில் தேய்ந்திருக்கிறது. தொகுதி எல்லையை இறுதியாகத் தீர்மானிக்கும் அதிகாரம் 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆணையத்தின் கையிலிருந்து நாடாளுமன்றத்திற்குச் சென்றது. தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை இவ்வளவுக்கு மேல் வேறுபடக் கூடாது என்று 1957இல் இருந்த 15 விழுக்காட்டு வரம்பு 1962இல் தளர்ந்து, 1973இல் அறவே நீங்கியது. தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டு, மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்த காலமும் ஏறத்தாழ அதுவே. கிராமத் தொகுதியில் ஒரு வாக்குக்கு உள்ள எடை, நெரிசல் மிகுந்த பட்டணத் தொகுதியில் இல்லை. இடம்பெயர்ந்த தோட்டத் தொழிலாளி லயத்து வீட்டோடு வாக்கின் எடையையும் இழந்தான் எனலாம்.

நியமன முறையிலும் ஒரு தனிமனிதர் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்குத் தமிழ் பேசும் நல்லுலகம் நன்கறிந்த சான்று டி.என். சேஷன். 1990 முதல் 1996 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த அவர், புதிய சட்டம் எதையும் இயற்றவில்லை. இருந்த விதிகளையே கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தினார். அரசியல்வாதிகள் அஞ்சினர். ஆனால் ஒருவரின் துணிவை மட்டும் நம்பி ஓர் அமைப்பு நிலைக்க முடியாது. அவருக்குப் பின் யார் என்ற கேள்வி எப்போதும் எஞ்சி நிற்கும்.

நெகிரி செம்பிலானுக்கும் இக்கேள்வி புதிதன்று. மற்ற மலாய் மாநிலங்களில் அரியணை தந்தைவழியில் செல்ல, இங்கு யாங் டி பெர்துவான் பெசாரைச் சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு உண்டாங்குகள் தேர்ந்தெடுக்கின்றனர். தேர்ந்தெடுப்பவர்கள் அப்பதவிக்குத் தாங்கள் போட்டியிட முடியாது என்பது அம்மரபின் நுட்பம்.

ரந்தாவ் வழக்கு

இனி பாட்டிக்குக் கிடைக்காத அந்த இரண்டாவது தாளுக்கு வருவோம்.

2018 ஏப்ரல் 28ஆம் நாள் வேட்புமனுத் தாக்கல். ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் அப்போதைய மந்திரி பெசார் முகமட் ஹசானை எதிர்த்துப் போட்டியிட வந்தவர் கெஅடிலான் கட்சியைச் சேர்ந்த டாக்டர் எஸ். ஸ்ரீராம். வேட்புமனு மையத்திற்குள் நுழையும் அனுமதி அட்டை அவரிடம் இல்லை என்று வாசலிலேயே தடுக்கப்பட்டார். நேரம் கடந்தது. முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டது.

20,000க்கும் மேற்பட்ட வாக்காளர்கள் சார்பில் ஓர் அட்டை முடிவெடுத்துவிட்டது. அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். பலர் தோட்டத்துப் பிள்ளைகள் அல்லது தோட்டத்தை விட்டு வந்தவர்கள்.

தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குத் தொடுக்க, அரசிதழில் முடிவு வெளியான நாளிலிருந்து 21 நாள்களே அவகாசம். டாக்டர் ஸ்ரீராம் வழக்குத் தொடுத்தார். 2018 நவம்பர் 16ஆம் நாள் சிரம்பான் தேர்தல் நீதிமன்றம் அவ்வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. வேட்பாளர் உள்ளே வர அனுமதி அட்டை வேண்டும் என்று சட்டம் கூறவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். 2019 பிப்ரவரி 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றமும் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது.

2019 ஏப்ரல் 13ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது. நால்வர் போட்டியிட்டனர். முகமட் ஹசான் 10,397 வாக்குகளும், டாக்டர் ஸ்ரீராம் 5,887 வாக்குகளும் பெற்றனர். 4,510 வாக்குப் பெரும்பான்மையில் அதே முகமட் ஹசான் மீண்டும் வென்றார்.

"அப்படியானால் எதற்கு இத்தனை பாடு? யார் வென்றாரோ அவரே வென்றார்" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. இக்கேள்விக்கு என் பாட்டியே விடை சொன்னார். இடைத்தேர்தல் நாளன்று வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர், "இன்னைக்குக் குடுத்துட்டாங்க" என்றார். யார் வெல்வார் என்று அவர் கேட்கவில்லை. சென்ற ஆண்டு பாக்கி வைத்த கூலியை வாங்கியவர் போல் அமைதியாக நடந்தார்.

அவருக்கு அந்தத் தாள் எளிதில் கிடைத்ததன்று. 1955ஆம் ஆண்டின் முதல் கூட்டரசுத் தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர்களுள் ஐந்தில் நான்கு பங்கினருக்கும் மேல் மலாய்க்காரர்கள். தோட்டத்து இந்தியருள் மிகப் பெரும்பாலோர் அன்று குடிமக்களாகவே இல்லை. விடுதலைக்குப் பின் இங்குப் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன் பிறந்தோர் விண்ணப்பித்தே பெற வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி பல்லாண்டுகள் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தார். நீல அட்டை கைக்கு வந்தபோது என் தந்தை பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்படிக் கிடைத்த வாக்கு, வாசலில் கேட்கப்பட்ட ஓர் அட்டையால் ஓராண்டு காலம் இல்லாமல் போயிற்று.

இவ்வழக்கு கற்பிக்கும் பாடம்

இதிலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம்.

முதலாவது, தேர்தலை நடத்துபவர் என்பது கோலாலம்பூரிலோ புத்ராஜெயாவிலோ இருக்கும் ஒருவர் மட்டுமல்லர். வாசலில் நிற்பவரும் தொகுதியின் தேர்தல் அதிகாரியும் அந்தப் பதவியின் நீட்சியே. தலைவரை எவ்வளவு நேர்மையாக நியமித்தாலும், வாசலில் சட்டத்தில் இல்லாத விதி ஒன்று முளைத்தால் எல்லாம் வீணாகும்.

இரண்டாவது, வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதா, நியமிப்பதா என்பது மட்டுமே கேள்வியன்று. புளோரிடாவும் ஜார்ஜியாவும் ஒரே முறையில் இருவேறு விளைவுகளைக் கண்டன. என் கருத்தில் மாநிலம் முழுவதும் கட்சிக் கொடியோடு போட்டியிட்டு நடுவராவதைவிட நியமனமே நமக்குப் பொருந்தும். ஏற்கெனவே இனமும் கட்சியும் பின்னிக் கிடக்கும் நம் அரசியலில், நடுவரின் பதவிக்கும் அதே போட்டி வந்தால் சிறுபான்மையினராகிய நாம் அதிகம் இழப்போம். ஆனால் நியமிப்பவரின் விருப்பத்தை மட்டும் சாராமல், நாடாளுமன்றத்தின் எல்லாத் தரப்பினரும் வெளிப்படையாக ஆராய்ந்த பின்னரே பெயர் மாமன்னருக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாவது, தவறு நேர்ந்தால் கேட்க நீதிமன்றம் இருக்க வேண்டும். கேட்பதற்கு ஆளும் இருக்க வேண்டும். அந்த 21 நாள்களுக்குள் யாரும் வழக்குத் தொடுக்காமல் இருந்திருந்தால், பாட்டியின் தாள் அடுத்த சட்டமன்றத் தேர்தல் வரை வந்திருக்காது.

முடிவுரை

திருவள்ளுவர் ஒருவரை ஆராய்ந்து நம்புவதற்குத் 'தெரிந்து தெளிதல்' என்றும், ஆராய்ந்தவரைச் செயலில் அமர்த்துவதற்குத் 'தெரிந்து வினையாடல்' என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார். தேர்தலை நடத்தும் பதவிக்கு இவ்விரண்டும் பொருந்தும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்தோர் தாமாகவே வாக்காளராகப் பதிவு பெறுகின்றனர். 2022 நவம்பரில் நான் முதன்முறையாக வாக்களித்தபோது எந்தப் பாரத்தையும் நிரப்பவில்லை. ஆனால் அந்தப் பதிவு மைகார்டு முகவரியைப் பின்பற்றியே அமைகிறது. நம்மில் பலருடைய மைகார்டில் இன்னும் இருப்பது மறைந்துபோன தோட்டத்தின் முகவரி. லயங்கள் இடிந்து வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. அட்டையில் மட்டும் தோட்டம் உயிரோடிருக்கிறது. தேசியப் பதிவிலாகாவில் முகவரியைப் புதுப்பியுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரையும் பெற்றோரின் பெயரையும் சரிபாருங்கள். விடுமுறையில் வீடு திரும்பும்போது உங்கள் தோட்டத்துப் பெரியவர்களுக்கும் இதனைச் செய்துகொடுங்கள்.

உத்திரமேரூரில் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினான். ஏனென்றால் பார்ப்பதற்கு ஒரு கூட்டம் அங்கே நின்றிருந்தது. பார்ப்பவர் இல்லாத இடத்தில் எந்தக் கையும் விரியாது. என் பாட்டி தன் ஒற்றைத் தாளை எண்ணிப் பார்த்துக் கேள்வி கேட்டார். பட்டதாரிகளாகப் போகும் நாம் அதைவிடக் குறைவாகக் கேட்கலாமா?