நின்றுபோன இரத்த வாந்தியை நம்பலாமா?

கேள்வி: கடல்தொழில் செய்யும் என் வாப்பாவுக்கு வயது 56. போன வருடம் பித்தக்கல்லால் கணையம் வீங்கிப் பெரிதும் அவதிப்பட்டார். இந்த மாதம் இரண்டு தடவை இரத்த வாந்தி எடுத்தார். இரண்டு தடவையும் தானாகவே நின்றுவிட்டது. கமரா விட்டுப் பார்த்ததில் புண் ஒன்றும் இல்லையாம். இப்போது கொழும்புக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். "அதுதான் நின்றுவிட்டதே, ஏன் போக வேண்டும்?" என்கிறார் வாப்பா. – ஒரு மகள், கற்பிட்டி

பதில்: கட்டாயம் போக வேண்டும், மகள். நாள் கடத்தவே வேண்டாம்.

இரத்த வாந்திக்குப் பெரும்பாலும் காரணம் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ உள்ள புண்தான். கமரா அதைக் காட்டிவிடும். ஆனால் கணைய அழற்சி வந்தவர்களிடம் இன்னொன்றையும் தேட வேண்டும். கணையத்திலிருந்து கசியும் சமிபாட்டு நீர், பக்கத்தில் ஓடும் நாடியின் சுவரை அரித்துவிடுவதுண்டு. அரித்த இடம் பலூன் போலப் புடைத்து, ஒருநாள் கணையக் குழாய்க்குள் உடையும். அந்த இரத்தம் முன்சிறுகுடலுக்கு வந்து சேரும். உறைந்த கட்டி குழாயை அடைத்தால் நிற்கும், கட்டி விலகினால் மறுபடி பாயும். நின்ற நேரத்தில் விட்ட கமராவுக்கு எதுவும் தெரியாமல் போகலாம். மேல்வயிற்று வலி கூடிக்கூடி வந்து, இரத்தம் போனதும் தணிந்ததா என்று வாப்பாவிடம் கேளுங்கள். அப்படியென்றால் டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது பெரிய தடயம்.

நாடிப் புடைப்பைக் காட்டுவது, மருந்து ஏற்றி எடுக்கும் சி.ரி. ஸ்கேன். புடைப்பு இருந்தால் இப்போதெல்லாம் பெரும்பாலும் வயிற்றைத் திறப்பதில்லை. தொடை இடுக்கு நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்புக்கு முன்னும் பின்னும் நுண்ணிய உலோகச் சுருள்களை வைத்து அடைப்பார்கள். முன்பக்கத்தை மட்டும் அடைத்தால் கிளை நாடிகள் வழியாக இரத்தம் பின்னால் திரும்பி வரும். இந்த வசதி கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களில்தான் உண்டு. அது கைகூடாவிட்டால்தான் சத்திரசிகிச்சை.

போவதற்குள் மறுபடி இரத்தம் வந்தால், வானில் ஏற்றிக்கொண்டு நேரே கொழும்புக்கு ஓடாதீர்கள். பாலாவிச் சந்திக்கு வரவே ஏறத்தாழ 40 கிலோமீற்றர், அங்கிருந்து கொழும்பு 100 கிலோமீற்றருக்கும் மேல். வழியில் பிரஷர் விழுந்தால் வானுக்குள் யாரால் என்ன செய்ய முடியும்? 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், காசில்லை. வரும்வரை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். தண்ணீரோ கொத்தமல்லியோ எதுவும் கொடுக்க வேண்டாம். கிட்டிய ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளிலும் பெரிய ஊசி போட்டு சேலைன் ஏற்றுவார்கள். இரத்தமும் ஏற்றி, நிலைமை தாங்குமளவு வந்தபின் மேலே அனுப்புவார்கள். பதிலுக்கு இரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைய வேண்டாம். 2014 முதல் நாட்டின் இரத்த வங்கிகள் முழுக்கத் தன்னார்வக் கொடையாளர்களால்தான் இயங்குகின்றன.

வாந்தி இல்லாமல், மலம் மட்டும் பிசுபிசுப்பாகக் கறுத்து நாற்றத்துடன் போனாலும் இதே அவசரம்தான். வலை இழுத்த உடம்பு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை இன்றே வீட்டிலிருந்து அகற்றுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுக்கிறார் என்றால் தானாக நிறுத்தாமல் டொக்டரிடம் இன்றே கேளுங்கள்.